மாசிச் சம்பலின் உண்மைப் பிரதி

நாட்டில் எல்லா அலுவலகங்களும் எதையும் மூன்று பிரதிகளில்தான் கேட்கும். சம்பலை மூன்று பிரதிகளில் கேட்ட பெருமை மட்டும் வாவியோர உணவு மரபு அதிகாரசபைக்கு உரியது.

மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அந்த அதிகாரசபை இயங்குகிறது. வாவியோரத்து மக்கள் சமைப்பதை உலகறியச் செய்வது அதன் வேலை. எட்டு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. உலகம் அறிந்துகொண்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் நண்டுக் கறிக்கு ஒரு கோவை, இறால் பொரியலுக்கு ஒரு கோவை, தயிருக்கு மட்டும் இரண்டு கோவை என்று இரும்பு அலுமாரிகள் நிறைந்துவிட்டன. அலுவலர்கள் பதினான்கு பேர். ஜீப் ஒன்று. அடுப்பு இல்லை. தேநீர்கூட எதிர்க்கடையிலிருந்துதான் வரும்.

இந்த அதிகாரசபை மாலைதீவுக்கு 'உணவுவழிக் கற்றல் பயணம்' போகப்போகிறது, குழுவில் சேர்த்துக்கொள்ளப் பாரம்பரியச் சமையலாளர் ஒருவர் தேவை என்ற அறிவித்தல் ஒரு செவ்வாய்க்கிழமை நிஸ்றாவின் கைத்தொலைபேசிக்கு வந்தது. அனுப்பியவள் பக்கத்து வீட்டு ஸில்மியா.

நிஸ்றா காத்தான்குடியில், ஆற்றங்கரைக்குப் போகும் ஒழுங்கையில், தன் வீட்டு வாசலிலேயே காலையில் இடியப்பமும் மாசிச் சம்பலும் விற்பவள். மாலைதீவிலிருந்து கட்டையாகக் காய்ந்து வரும் மாசி மீனை உரலில் இடித்து, காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் ஈரம் போகும்வரை புரட்டி, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவாள். ஒரு கிழமைக்குக் கெடாது. ஒரு கிழமைக்கு மிஞ்சியதும் இல்லை.

அறிவித்தலின் கடைசி வரியில் குழு தங்கப்போகும் ஹோட்டல் தீவின் பெயர் இருந்தது. நிஸ்றா அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்தத் தீவின் சமையலறையில்தான் அவள் கணவன் இர்ஷாத் வேலை செய்கிறான்.

கலியாணமாகி ஏழாம் மாதம் போனவன். மூன்று வருடமும் எட்டு மாதமும் ஆகிவிட்டது. லீவில் வந்தால் அவன் நின்ற இடத்தில் அடுத்த நாளே வேறொருவன் நிற்பான். அந்தத் தீவின் நடைமுறை அது. அவள் போய்ப் பார்க்கலாம் என்றால் விருந்தாளியாகத்தான் கால் வைக்க முடியும். அங்கே ஓர் இரவுக்குக் கேட்கிற வாடகையில் காத்தான்குடியில் ஒரு கலியாணத்தை நடத்தி முடித்துவிடலாம். ஆகவே கூட இருந்த நாட்களைவிட ஆறு மடங்கு நாட்கள் அவள் தன் கணவனை உள்ளங்கை அகலத் தொலைபேசிக் கண்ணாடியிலேயே பார்த்துவந்தாள்.

"போட்டுப் பாரு புள்ள," என்றாள் ஸில்மியா. "கெடச்சா கவுர்மெண்ட் செலவுல புருசனப் பாத்துட்டு வரலாம்."

"நம்மள எடுப்பாங்களா ராத்தா?"

"சமைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டுதானே போட்டிருக்கி. அங்க உள்ள பதினாலு பேருல ஒருத்தருக்கும் தெரியாதாம். ஒனக்குப் போட்டியே இல்ல. ஆனா புருசன் அங்க இருக்கிற கதைய மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத. சொந்தக் காரணம் எண்டா வெட்டிருவாங்க."

அலுவலகத்தின் வாசல் மேசையில் கம்சாயினி என்ற அபிவிருத்தி உத்தியோகத்தர் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். இங்கே வருபவர்களுக்குப் படிவம் கொடுப்பாள். பதினொரு பக்கப் படிவத்தை நிஸ்றாவிடம் நீட்டினாள்.

"விண்ணப்பம் மூண்டு பிரதி. மாதிரியும் மூண்டு பிரதி."

"என்ன மாதிரி மிஸ்?"

"உங்கட சம்பல்தான். ஒரு மூலப்பிரதி, ரெண்டு நகல்."

"மூணு போத்தல்ல போட்டுக் கொண்டு வரவா?"

"ஒரே சட்டியில செய்து பிரிச்சுப் போட்டா மூண்டும் மூலப்பிரதி எண்டு திருப்பி அனுப்பிருவாங்க. முதல்ல ஒண்டு செய்யுங்க. மறுகா அதப் பாத்து ரெண்டு செய்யுங்க. ரெண்டையும் ஒரு ஜே.பி.யிட்டக் காட்டி, உண்மைப் பிரதி எண்டு சீல் அடிச்சுக்கொண்டு வாங்க."

கம்சாயினி இதை முகத்தில் ஒரு சின்ன அசைவும் இல்லாமல் சொன்னாள். மூன்று வருட உத்தியோகத்தில் அவள் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

உசனார் ஜே.பி. என்ற சமாதான நீதவான் சீல் விசயத்தில் கண்டிப்பானவர். மூலத்தைக் காணாமல் நகலில் கை வைக்கமாட்டார். நிஸ்றா மூன்று போத்தல்களையும் அவர் முன்னால் வைத்ததும் உள்ளே பார்த்து, "இஞ்ச, ஒரு றாத்தல் பாண் கொண்டு வாங்க," என்றார். மூலப்பிரதியில் ஒரு துண்டு தொட்டுச் சாப்பிட்டார். நகலில் ஒரு துண்டு. நகலைச் சாப்பிட்டதும் மூலத்தின் ருசி மறந்துபோயிற்று. திரும்ப மூலம்.

"நகல்ல தேசிக்காய் ஒழுப்பம் கூட மகள். இதுல நான் சீல் அடிச்சா நாளைக்கு எனக்குத்தான் வழக்கு."

அடுத்த நாள் நிஸ்றா வேறு நகல்கள் செய்துகொண்டு போனாள். ஒப்புநோக்கும் வேலை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை நடந்தது. நகல் இரண்டும் சரியென்று கண்டபோது மூலப்பிரதிப் போத்தல் வெறுமையாக இருந்தது.

உசனார் ஜே.பி. யோசனையில் ஆழ்ந்தார். "மூலப்பிரதி தொலைஞ்சா பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டுக்கொண்டு வரணுமே மகள்."

"தொலையல்ல வாப்பா. நீங்கதான் சாப்பிட்டீங்க."

அவர் அதையும் நடுநிலையோடு பரிசீலித்தார். "அப்படியெண்டா என்ட்ரி தேவையில்ல," என்று சொல்லி, போத்தல் மூடிகளில் கடதாசி ஒட்டி, 'மூலத்தின் உண்மைப் பிரதி' என்று சீல் அடித்துக் கையொப்பமும் வைத்தார்.

மூலப்பிரதியாக எதை ஒப்படைப்பது என்று கேட்டதற்குக் கம்சாயினி ஒரு வழி சொன்னாள். அதிகாரசபை நகலைத்தான் வாங்கும். மூலத்தைப் பார்த்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது விதி. திரும்பப் பெற்றுக்கொண்டதாக நிஸ்றா ஒரு கையொப்பம் இட்டால் போதும். இட்டாள்.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் வரிசையாக இருந்தார்கள். ஐவர் முன்னாலும் ஐந்து கரண்டிகள். நடுவில் பணிப்பாளர் இராசதுரை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கும் மனிதர். குரல் எப்போதும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கும்.

"தங்கச்சி, நாங்க மாலைதீவுக்குச் சாப்பிடப் போறம் எண்டு வெளியில ஒரு கதை இருக்கு. சாப்பிடுறதெண்டா வீட்டிலயே சாப்பிடலாம். நாங்க போறது உணவ அவதானிக்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. சாப்பிடுறவனுக்குப் பசி இருக்கும். அவதானிக்கிறவனுக்குப் பதவி இருக்கும்."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள்.

"இருபத்தெட்டு வருசமா நான் உணவுத்துறையில இருக்கன். ஒரு நாள்கூட அடுப்படிக்குள்ள கால் வெச்சதில்ல. வெச்சா மனசு ஒரு கறியின்ட பக்கம் சாஞ்சிரும். நிருவாகம் எண்டா நடுநிலை. அந்தப் போத்தல இஞ்சால தள்ளுங்க."

சீல் உடைக்கப்பட்டது. அதன் பிறகு கால் மணி நேரம் யாரும் கேள்வி கேட்கவில்லை. முடிவில் நிஸ்றா பன்னிரண்டாவது ஆளாகத் தெரிவுசெய்யப்பட்டாள்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் சொன்னபோது இர்ஷாத் நம்பவில்லை. "ஒன்னயா புள்ள? உண்மையாவா?"

"பன்னெண்டாவது பேர் என்ட பேர்தான். பாத்தன். லிஸ்டுல இருக்கி."

"அப்ப நான் பகல் டியூட்டிய மாத்துறன். ஜெட்டியில போட் வந்து நிக்கிற எடத்துல நிப்பன். ஆனா கிட்ட வரமாட்டன், வந்தா சுப்பர்வைசர் பாப்பான். வெள்ளத் தொப்பி போட்டு நிக்கிற பத்துப் பேருல மூணாவது ஆள் நான்."

"எனக்கு அடையாளம் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு நிஸ்றா அழுதாள். அடுத்த நாள் புதிதாக ஓர் அபாயா தைக்கக் கொடுத்தாள்.

வெளிநாடு போகுமுன் முன்னாயத்தப் பயிற்சி நடத்தவேண்டும் என்று சுற்றுநிருபத்தில் இருந்தது. தீவுக்குப் போவதற்குத் தீவில்தானே பழகவேண்டும் என்று பணிப்பாளர் முடிவெடுத்து, வாவிக்குள் கிடக்கும் சிறு திட்டு ஒன்றைத் தெரிவுசெய்தார். பன்னிரண்டு பேரும் மிதவை அங்கி அணிந்து இரண்டு தோணிகளில் போனார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் தோணி நின்றதால் கடைசிப் பகுதியைப் பன்னிரண்டு பேரும் அங்கியோடு நடந்து கடந்தார்கள்.

அங்கே இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, பதாகையோடு படம் எடுத்தல். பதாகை பதினெட்டு அடி. அதில் பயணத்தின் பெயரும் அதிகாரசபையின் பெயரும் பணிப்பாளரின் படமும் இருந்தன. ஒரு முனையை நிஸ்றா பிடித்தாள், மறுமுனையை ஓர் எழுதுநர் பிடித்தார். வாவிக் காற்று ஒரு மடிப்பு மடித்தது. பணிப்பாளரின் முகம் சரியாக மடிப்புக்குள் போய்விட்டது. பதினொரு தரம் எடுத்துப் பார்த்தார்கள். பதினொரு தரமும் அவர் முகம்தான் போயிற்று.

இரண்டாவது, வெளிநாட்டு உணவுக்குப் பழகுதல். நகரத்து ஹோட்டல் ஒன்றில் சொல்லிச் செய்வித்த அவித்த மீனும், பச்சை இலைகளும், குளிர்ந்த சூப்பும் பரிமாறப்பட்டன. பணிப்பாளர் ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்து, அதை வைத்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். மரங்கள் இல்லாத திட்டு அது, ஒதுங்க இடமில்லை. விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா ஒத்துவராது."

பிரதிப் பணிப்பாளருக்கும் ஒத்துவரவில்லை. மற்றவர்களுக்கும் வரவில்லை. நிஸ்றா தோணிக்காரர்களுக்கென்று கொண்டுவந்த இடியப்பப் பெட்டியும் சம்பலும் பத்து நிமிடத்தில் முடிந்தன. தோணிக்காரர்கள் சூப்புக் குடித்தார்கள்.

அடுத்த கூட்டத்தின் அறிக்கையில் இரண்டு தீர்மானங்கள் பதிவாயின. ஒன்று: 'வெளிநாட்டு உணவு அவதானிக்கத் தக்கது, உண்ணத் தக்கதன்று. ஆகவே குழு தனக்கு வேண்டிய மாசிச் சம்பலைத் தன்னுடன் எடுத்துச்செல்லும்.' இரண்டு: 'பதாகையின் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடிக்க மேலதிக அலுவலர் ஒருவர் அவசியம்.' விமானத்தில் இருக்கைகள் பன்னிரண்டுதான். நடுப்பகுதி அலுவலரின் பெயர் பன்னிரண்டாவதாக எழுதப்பட்டது. நிஸ்றாவின் பெயர் வெட்டப்பட்டது.

கடிதம் கிடைத்த அன்றே நிஸ்றா பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், சமைக்கிற ஆள் வேணும் எண்டுதானே அறிவித்தல் போட்டீங்க?"

"போட்டம்தான் தங்கச்சி. நான் மறுக்கல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. உணவப் பாக்கப் போற குழுவில சமைக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா அது பக்கச்சார்பு. நாங்க ஒரு சாப்பாட்ட நல்லா இருக்கு எண்டு எழுதுவம். நீங்க இல்லையெண்டு சொல்லுவீங்க. உங்களுக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா மற்றப் பதினொரு பேரும் எப்படிச் சுதந்திரமா அவதானிக்கிறது?"

"சேர், எனக்கு அங்க போக வேண்டிய ஒரு காரணம்..."

பணிப்பாளர் கையை உயர்த்தினார். "சொந்த விசயமெண்டா சொல்லாதீங்க. சொன்னா நான் அதக் கோவையில போடவேணும். போட்டா பதில் எழுதவேணும்." பிறகு குரலை இளக்கினார். "கவலப்படாதீங்க. நீங்க போகாட்டியும் உங்கட சம்பல் போகுது. ஆளவிட ஆக்கம் பெரிசு. ஆறு போத்தல் செய்து தந்தாக் காணும். வாற வெள்ளிக்குள்ள."

ஸில்மியாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "உப்ப ரெண்டு கை கூட அள்ளிப் போட்டு அனுப்பு புள்ள. கடலுக்கு நடுவுல தண்ணியில்லாம அலையட்டும் ஹயாத்தழிஞ்சதுகள்."

நிஸ்றா உப்பை ஒரு கை அள்ளவும் செய்தாள். ஆனால் இர்ஷாத் இருக்கிற தீவுக்குப் போகிற சம்பலில் அதைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. யார் கண்டது, ஏதாவது ஒரு மேசையில் மிஞ்சி, ஏதாவது ஒரு தட்டில் ஒட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாலும் போகும். ஆறு போத்தலையும் ஒழுங்காகத்தான் செய்தாள். அபாயாவைத் தையல்கடையிலிருந்து எடுக்கவில்லை.

குழு போய் மூன்றாம் நாள் இர்ஷாத் அழைத்தான். பேச முடியாமல் சிரித்தான்.

"ஒங்கட ஆக்கள் வந்திட்டாங்க புள்ள. பூஃபேயில முப்பது சாப்பாடு வெச்சம். கொப்பியும் பேனையும் வெச்சிக்கொண்டு வரிசையாப் போய்ப் பாத்தாங்க, எழுதினாங்க. ஒண்டயும் தொடல்ல. வெறும் ரொட்டிய மட்டும் எடுத்துக்கொண்டு போய் இருந்தாங்க. மறுகா மேசைக்குக் கீழால ஒரு போத்தல் தொறக்கிற சத்தம் கேட்டிச்சி. மணம் வந்த உடனே எனக்குத் தெரிஞ்சிட்டு. அப்பிடியே நிண்டுட்டன்."

"ஒங்களுக்கு ஒழுப்பமாவது கெடச்சா?"

"எங்க கெடச்ச? ஆறு போத்தலையும் ரெண்டு நாளுல முடிச்சிட்டாங்க. கேட்டியா, நேத்து ராவைக்குப் பெரிய சேர் குசினி வாசலுக்கே வந்திட்டார். வெறும் போத்தலக் காட்டி, இப்பிடி ஒண்டு இஞ்ச செய்ய ஏலுமா எண்டு கேக்கிறார். பெரிய ஷெஃப் என்னயக் காட்டினான். ஒன் கையால செய்றமாதிரியே செய்து குடுத்தன். எத்தின நாள் ஒனக்கு ஒரல் இடிச்சித் தந்திருப்பன்."

"அவங்களுக்கு நீங்க ஆரெண்டு தெரியுமா?"

"விருந்தாளியோட இங்கிலீசுலதான் கதைக்கணும், அது இங்க சட்டம். தலையில தொப்பி. மூக்குவரைக்கும் மாஸ்க். நெஞ்சில 'ஐலண்ட் ஷெஃப்' எண்டு பட்டி. பெரிய சேர் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு என்ட தோள்ல தட்டி, 'யூ ஐலண்ட் பீப்பிள் ஆர் வெரி ஒரிஜினல்' எண்டார். 'யெஸ் சேர்' எண்டன். நாமளும் தீவுக்காரர்தானே, பொய் இல்ல."

குழு திரும்பி வந்தது. பயண அறிக்கை நகரத்து மண்டபம் ஒன்றில் வெளியிடப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் திரையில் காட்டப்பட்டன. எல்லாவற்றிலும் பதாகை விறைப்பாக நின்றது, எதிலும் உணவு தெரியவில்லை. நிஸ்றாவும் அழைக்கப்பட்டிருந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மாலைதீவில் நாங்கள் அவதானித்த உணவுகள் முப்பது. உட்கொண்டது ஒன்று. அந்த ஒன்று, மாசிச் சம்பல்!" கைதட்டல் வந்தது. "இங்கிருந்தும் சில போத்தல்கள் கொண்டுபோனோம். நன்றாகத்தான் இருந்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது நகல். அதன் மூலப்பிரதியை அந்தத் தீவின் மைந்தன் ஒருவன் கையால் உண்டபோதுதான் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது எனக்கு விளங்கியது. எங்கள் பெண்கள் இதைக் கற்கவேண்டும். ஆகவே அந்த வெளிநாட்டு நிபுணரை இங்கே வரவழைக்கத் தீர்மானித்திருக்கிறோம்!"

பின்வரிசையில் நிஸ்றா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒருவர் அவள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்துத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்.

இலச்சினை பொறித்த கடிதம் ஹோட்டலுக்குப் போயிற்று. ஓர் அரசு தன் சமையலாளனைக் கேட்டு எழுதியிருப்பதில் ஹோட்டல் முகாமையாளருக்குப் பெருமை. இர்ஷாதைக் கடமை நிமித்தம் அனுப்புவதாகவும், எத்தனை நாளானாலும் அவன் இடம் அவனுக்கே என்றும் பதில் எழுதினார்.

பயிற்சி பெறும் பன்னிரண்டு காத்தான்குடிப் பெண்களின் பெயர்ப்பட்டியலில் முதலாவது பெயர் நிஸ்றா, இரண்டாவது ஸில்மியா. மாதிரி ஒப்படைத்திருந்ததால் நிஸ்றாவின் குறைபாடு ஏற்கெனவே கோவையில் இருந்தது. கடிதத்தை வாங்கப் போனபோது கம்சாயினி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"நிபுணர்ர பாஸ்போட் கொப்பி வந்திச்சு. விலாசமும் கிடக்கு அதில. உங்கட விண்ணப்பத்தில கிடக்கிற அதே ஒழுங்கை. அதே இலக்கம்."

நிஸ்றா பணிப்பாளரின் அறைக் கதவைப் பார்த்தாள். "சேருக்குச் சொல்லுவீங்களா மிஸ்?"

"படிவத்தில 'எந்த நாட்டில இருந்து வாறார்' எண்டு ஒரு கூடு இருக்கு. மாலைதீவு எண்டு நிரப்பிட்டன். 'ஆர்ர வீட்டுக்கு வாறார்' எண்டு கேக்க அதில கூடு இல்ல." பிறகு பயிற்சி விதிமுறைகளின் ஒரு பிரதியை அவள் பக்கம் தள்ளினாள். "ஒன்பதாம் பந்திய ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. இஞ்ச ஆரும் வாசிச்சதில்ல. எழுதினவரே மாற்றலாகிப் போயிட்டார்."

ஐந்து நாள் பயிற்சி. இர்ஷாத் விமான நிலையத்திலிருந்து நேரே அதிகாரசபையின் விருந்தினர் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டான். வெளிநாட்டு நிபுணர் அலுவலர் துணையின்றி வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆகவே ஏறத்தாழ நான்கு வருடம் கழிந்து நிஸ்றா தன் கணவனை நேரில் கண்டது ஒரு மண்டபத்தில், கழுத்தில் மாலையோடு. மெலிந்திருந்தான். இடது காதுக்கு மேலே நரை விழுந்திருந்தது. அது கண்ணாடியில் தெரிந்ததில்லை. அவன் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றான். பிறகு எல்லாரையும் பார்த்து, "குட் மோர்னிங் லேடீஸ்," என்றான்.

மண்டபத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் அவனைத் தெரியும். நான்கு பேர் அவன் கலியாணச் சோறு சாப்பிட்டவர்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஸில்மியா மட்டும், "குட் மோர்னிங் சேர்," என்பதை வேண்டியதைவிட நீளமாகச் சொன்னாள்.

"நிபுணரிட்ட இருந்து ஆறு அடி தள்ளி நில்லுங்க," என்று பணிப்பாளர் கட்டளையிட்டார். "அவர்ர கையப் பாருங்க தங்கச்சி. கண்ண எடுக்காமப் பாருங்க."

நிஸ்றா கண்ணை எடுக்கவில்லை.

இர்ஷாத் ஆங்கிலத்தில் சொன்னான். கம்சாயினி தமிழில் சொன்னாள். காத்தான்குடிப் பெண்கள், மாசியை இடிக்கவேண்டும், வெங்காயத்தை உரிக்கவேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான்கு நாட்கள் அப்படிப் போயின. ஆறு அடி ஆறு அடியாகவே இருந்தது. ஐந்தாம் நாள் பரீட்சை. ஆறாம் நாள் விமானம். நான்காம் நாள் பின்னேரம் நிஸ்றா விடுதிக்குத் தொலைபேசி எடுத்து ஒன்பதாம் பந்தியை எழுத்துக் கூட்டி வாசித்தாள்: 'பயிலுநர் அனைவரும் தேர்ச்சியடைந்துள்ளனர் என நிபுணர் அத்தாட்சிப்படுத்தும்வரை பயிற்சி நிறைவடைந்ததாகக் கருதப்படமாட்டாது; அதுவரை நிபுணர் விடுவிக்கப்படவும் மாட்டார்.'

"திரும்ப ஒருக்கா வாசி புள்ள," என்றான் இர்ஷாத்.

பரீட்சையன்று நிஸ்றா தன் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த சம்பலைச் செய்தாள். இர்ஷாத் பதினொரு தட்டுகளிலும் ருசி பார்த்து, பதினொரு தரம் "வெரி குட்" என்றான். பன்னிரண்டாவது தட்டுக்கு வந்தான். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். நெடுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நொட் யெட்," என்றான்.

பணிப்பாளர் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். நிபுணரின் முகத்தைப் பார்த்தார். தன் முகத்தையும் அதைப்போல் ஆக்கிக்கொண்டார். "ஓம். இன்னும் வரல்ல. நானும் கவனிச்சன். ஏதோ ஒண்டு குறையுது. மூலப்பிரதியச் சாப்பிட்ட நாக்குக்குத்தான் அது தெரியும்." நிஸ்றா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்தது. "அழாதீங்க தங்கச்சி. நாங்க ஒருத்தரையும் கைவிடுறதில்ல. விதியில இடமிருக்காம்."

கம்சாயினி ஒன்பதாம் பந்தியை விரித்துப் பிடித்திருந்தாள். பணிப்பாளர் அதை முதல் தடவையாக வாசித்தார்.

"மண்டபம் நாளைக்கு வேற ஆக்களுக்கு. உங்கட வீட்டில அடுப்பு இருக்குத்தானே? அங்கேயே வெச்சுத் தனிப்பயிற்சி குடுக்கட்டும். நிபுணர் அங்க தங்கினாலும் பரவாயில்ல, நேரம் மிச்சம். ஆனா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊர்க் கதை எண்டு ஒண்டு இருக்கு. வீட்டில ஆம்பிளை ஆரும் இருப்பாங்களா?"

"என்ட புருசன் இருப்பார் சேர்," என்றாள் நிஸ்றா. "பயிற்சி முடியும்வரைக்கும் பக்கத்த விட்டுப் போகமாட்டார்."

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்ல," என்று பணிப்பாளர் கையொப்பமிட்டார்.

ஜீப் அன்றே ஒழுங்கைக்குள் நுழைந்து, நிபுணரையும் அவர் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போயிற்று. முன்னேற்றம் எப்படி என்று விசாரித்து வரும்படி ஒவ்வொரு காலையும் சாரதி அனுப்பப்பட்டான். விசாரணை இருபது இடியப்பம் முடியும்வரை நடக்கும். மூன்றாவது கிழமையும் பிறந்துவிட்டது. ஒருநாள் அவன் கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே உரலில் மாசி இடிக்கும் சத்தத்தையும் இருவர் சிரிக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நின்றான். நிஸ்றா துடைக்கத் துண்டு கொண்டுவந்தாள்.

"ராத்தா, சேர் கேட்டா இண்டைக்கு என்ன சொல்ல?"

"இன்னும் வரல்லையாம் எண்டு சொல்லுங்க."